புள்ளியும் தந்தை பெயரும்: இணையத்தள வடிவமைப்பு தவறும் இடங்கள்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி அமைந்த பெக்கோக் சிற்றூர், சுங்கை பந்தாங் அருவிக்கும் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்கும் செல்வோர் கடந்து போகும் ஊராகும். அருவி திறந்திருக்கிறதா, பூங்காவுக்கு எங்கே பதிவு செய்வது, கோயில் திருவிழா எந்த நாளில் என்ற கேள்விகளுக்கு இன்று கைத்தொலைபேசியிலேயே விடை தேடப்படுகிறது. அவ்விடையைத் தாங்கும் அகப்பக்கங்களோ பெரும்பாலும் நகரத்து அலுவலகத்தின் அகன்ற திரையில், ஆங்கில எழுத்தை நிரப்பிச் சரிபார்க்கப்பட்டவை. வடிவமைப்புத் தவறுகள் பற்றிய பேச்சு நிறம், படம், பொத்தான் என்பவற்றோடு பொதுவாக நின்றுவிடுகிறது. தமிழரைத் தடுக்கும் தவறுகள் அவற்றுக்கும் அடியில், எழுத்திலும் பெயரிலும் கிடக்கின்றன.

அவற்றுள் பழையது, அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாக ஒட்டிவிடும் வழக்கம். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது எனினும், கணினிகள் அதை ஒழுங்காகக் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை திஸ்கி, டாம், டாப் எனப் பல குறியேற்றங்கள், அதாவது எழுத்தை எண்ணாக மாற்றும் முறைகள், ஒன்றோடொன்று ஒவ்வாமல் நிலவியதால், தளத்துக்குத் தளம் வேறு எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அந்தச் சிக்கலைப் பெரிதும் தணித்தன. அந்நாளில் செய்தியைப் படமாக்கியது விவேகமே. இன்று அவ்வழக்கத்தால் இழப்பே மிகுதி: பார்வையற்றோருக்கு எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பானால் படத்தை நேரடியாகப் படிக்க இயலாது, சிறு திரையில் எழுத்து எறும்பளவாகிவிடுகிறது, சமிக்ஞை குன்றிய தோட்டப்புறத்தில் படம் இறங்கவே நேரமாகிறது.

எழுத்தை எழுத்தாகவே இட்ட பின்னரும் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பெக்கோக் என்ற சொல்லைத் தமிழர் நான்கு எழுத்தாக எண்ணுவர். கணினியோ உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனியே கொண்டு எட்டுக் குறியீடுகளாகச் சேமிக்கிறது. தலைப்பு ஏழு குறியீடுகளைத் தாண்டக் கூடாது என்று நிரலர் வரம்பிட்டால் திரையில் தோன்றுவது ‘பெக்கோக’ என்னும் ஊனச் சொல். மேலும், இணையத்தில் பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு இடம் கொள்வதால், உரோமன் எழுத்தில் ஐந்து பைட்டில் அடங்கும் அதே ஊர்ப்பெயர் தமிழில் 24 பைட்டாகிறது. பைட்டுக் கணக்கில் அளந்து வைத்த பெட்டியில் தமிழ் முகவரி பாதியில் அறுபடுவது இதனால்தான். ஆங்கிலத்துக்குப் போதுமான நெருங்கிய வரியிடைவெளியில் ‘கீ’யின் மேற்சுழியும் ‘ளூ’வின் கீழ்க்காலும் அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

நிறத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: இணைய அணுகுதன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டி, வழக்கமான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாட்டைக் கோருகிறது; வெள்ளைப் பின்னணியில் நாகரிகமாகக் கருதப்படும் வெளிர்சாம்பல் எழுத்து அதை எட்டுவதே இல்லை. நாளிடப்படாத அறிவிப்பு இதைவிடத் தீங்கானது. நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று தெரியாத ‘தற்போது திறந்துள்ளது’ என்ற வரியை நம்பிக் காட்டுப்பாதையில் வருவோருக்கு அது வெறும் ஏமாற்றத்தோடு முடிவதில்லை.

எனினும் மலேசியத் தமிழரை மிகுதியாக அலைக்கழிப்பது பெயர்ப் படிவமே. மலேசிய அடையாள அட்டையில் தமிழரின் பெயரும் தந்தையின் பெயரும் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) அல்லது ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்பதன் சுருக்கமான ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் குறிகளால் பொதுவாக இணைக்கப்படுகின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு பெட்டிகளை வைத்து இரண்டையும் கட்டாயமாக்கும் படிவத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிவிட, மகளுக்கு வரும் கடிதம் அப்பாவின் பெயரைச் சொல்லி விளிக்கிறது. சாய்கோட்டை ஏற்காத படிவமோ, அரசு தந்த பெயரையே ‘தவறான பெயர்’ என்று சிவப்பெழுத்தில் கண்டிக்கிறது. பின், பிந்தி என்று தந்தை பெயரைத் தொடரும் மலாய்க்காரருக்கும், குடும்பப்பெயரை முதலில் எழுதும் சீனருக்கும்கூட இப்படிவம் பொருந்தாது என்பதால், நாட்டின் பெரும்பான்மையோருக்கு ஒவ்வாத ஒன்று வெளிநாட்டு வார்ப்புருவிலிருந்து, அதாவது ஆயத்த வடிவத்திலிருந்து, யோசனையின்றி எடுத்தாளப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ‘அடையாள அட்டையில் உள்ளவாறு முழுப்பெயர்’ என்ற ஒற்றைப் பெட்டி, சாய்கோட்டையும் மாற்றுப்பெயருக்கான ‘@’ குறியையும் ஏற்குமாறு அமைந்தால், பெரும்பாலான தேவைகளுக்கு அதுவே போதும். விமானப் பயணச்சீட்டைப் போல இரண்டாகப் பிரித்தே தீர வேண்டிய இடத்தில், எந்தப் பெட்டியில் யாருடைய பெயரை எழுதுவது என்பதைப் பெட்டியின் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டோடு தெரிவிக்க வேண்டும்.