பொதுவிடமும் நமது பங்கும்

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கு அடுத்த நிலையம் கோவண்டி. வேலை கேட்டுச் செல்லும் ஒருவர் தம் இருப்பிடம் கோவண்டி என்றதும், கேட்டவரின் முகம் சற்றே மாறுவதுண்டு. ஒருவரை வெளியே நிறுத்த மதில் எழுப்ப வேண்டியதில்லை; சில வேளைகளில் ஊரின் பெயரே மதிலாகிவிடுகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டோர் பொதுவிடங்களில் அச்சமின்றி நடமாடுவது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இந்த ஒதுக்கம் இயற்கையாய் நேர்ந்ததன்று. நகரத்தின் குப்பை 1927-ஆம் ஆண்டு முதல் இதனருகிலுள்ள தேவனாரில் கொட்டப்பட்டு வந்தது. பிற்காலத்தில் குடிசைவாசிகளும் இதே திசைக்கு அனுப்பப்பட்டனர். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் தமிழர் பலர் வாழ்ந்தனர். நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-இல் அக்குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள், சதுப்பு நிலமாயிருந்த சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர்.

அவ்வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 1974-இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவிய இவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவரது கூட்டமைப்பும், மகிளா மிலன் என்னும் மாதர் அமைப்பும் சேர்ந்து மும்பையின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்கள் அமைத்தன.

கழிப்பிடத்திற்கும் பாதுகாப்பிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருட்டியபின் தனியே செல்லவேண்டிய பெண்ணுக்கு அந்தச் சிறு வழியே நகரின் மிகக் கொடிய வீதி. ஆகவே, அக்கட்டடங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி வாயில்கள் வைத்தனர்; குழந்தைகளுக்குத் தனியிடம் ஒதுக்கினர்; பராமரிப்பவர் அங்கேயே வசிக்க அறை கட்டினர். எந்நேரமும் ஆளரவம் உள்ள இடத்தில் அச்சம் குறையுமன்றோ? இடத்தைப் பயன்படுத்துவோரே அதன் அமைப்பைத் தீர்மானித்ததால் விளைந்த நன்மை இது.

இதனின்று நாம் உணர்வது யாது? சிலரை விரட்டுவதால் ஓரிடம் பாதுகாப்பு அடைவதில்லை. 'இது எம்முடையது' என்று அனைவரும் எண்ணும்போதே அடைகிறது. 1960-களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னாட்டவர்க்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, அச்சத்துடன் வீதியில் நடந்தவர் நம்மவரே. அன்று நாம் எதிர்பார்த்த பரிவை, இன்று நம் வீதிக்குப் புதிதாய் வருவோர்க்கு நாம் அளிப்போமாக.