மிடியில் ஏழும் பத்தும்

மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சுரத்தை எப்போது அழுத்துவது, எவ்வளவு விசையோடு அழுத்துவது, எப்போது விடுவது என்ற கட்டளைகள் மட்டுமே அதில் வரிசையாக இருக்கும். அவற்றைப் பெற்று ஒலி எழுப்புவது சின்தசைசர், அல்லது கணினிக்குள் இயங்கும் மென்பொருள் கருவி. வால்யூமும், ஒலியை இட வலமாக நகர்த்தும் பானும் இத்தகைய கட்டளைகளே. இது பிடிபட்டால் இசை மென்பொருளில் எழும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

1983-இல் வெளிவந்த மிடி தரநிலையை அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கினர். ஓர் இணைப்பில் 16 சேனல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம். சேனலின் வால்யூமுக்குக் கட்டுப்பாட்டு எண் 7, பானுக்கு எண் 10. மூன்றாம் சேனலின் வால்யூமை 100 ஆக்க வேண்டுமானால் மென்பொருள் 178, 7, 100 என்று மூன்று பைட்டுகளை அனுப்பும். 178 என்பது ‘மூன்றாம் சேனலுக்கான கட்டுப்பாடு’ என்பதைச் சொல்கிறது. வால்யூம், பான் மதிப்புகள் 0 முதல் 127 வரை மட்டுமே.

127-இல் பாதி வைத்தால் ஒலியும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. மிடி கருவிகளுக்கான பொது விதித்தொகுப்பான ஜெனரல் மிடி பரிந்துரைக்கும் கணக்கின்படி 127-லிருந்து 64-க்கு இறங்கும்போது சுமார் 12 டெசிபல் குறைகிறது. ஒலி அலையின் வீச்சு ஏறத்தாழ கால்பங்காகிவிடுகிறது. தொடக்க மதிப்பாக 100 வைக்கப்பட்டிருப்பதால் மேலே ஏற்றவும் சற்று இடம் இருக்கிறது.

பானில் 0 முழு இடப்புறம், 64 நடு, 127 முழு வலப்புறம். 0 முதல் 127 வரை 128 மதிப்புகள் இருப்பதால் சரியான நடு எண் கிடைக்காது. ஜெனரல் மிடியின் இரண்டாம் பதிப்பு இதற்கு அழகான வழி கண்டது: 0, 1 இரண்டையுமே முழு இடப்புறமாகக் கொண்டது. அப்போது 64 துல்லியமான நடுவாகிறது. நடுவில் இருக்கும்போது இரு ஸ்பீக்கர்களும் தலா 3 டெசிபல் குறைவாக ஒலிக்கும். இல்லையென்றால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும் வாத்தியம் திடீரென உரத்துக் கேட்கும்.

ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்கவும் பலர் 7-ஐயே பயன்படுத்துகிறார்கள். அது தவறான பழக்கம். அந்த வேலைக்கென்றே எண் 11, ‘எக்ஸ்பிரஷன்’, இருக்கிறது. வாத்தியங்களுக்கு இடையிலான அளவை 7 நிர்ணயிக்க, அந்த அளவுக்குள் ஏற்ற இறக்கத்தை 11 பார்த்துக்கொள்ளும். பின்னர் புல்லாங்குழல் மட்டும் சற்றுக் குறைய வேண்டுமானால் அதன் 7-ஐ ஒருமுறை மாற்றினால் போதும். வாசிப்பின் நெளிவுசுளிவுகள் அப்படியே இருக்கும். அழுத்தும் விசை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது மாறினால் பல கருவிகளில் ஒலியின் குணமே மாறிவிடும்.

கடைசியாக வந்த மதிப்பைக் கருவி நினைவில் வைத்திருக்கும். முந்தைய பாட்டில் 0-க்கு இறக்கப்பட்ட சேனல், அடுத்த பாட்டிலும் ஊமையாக இருப்பது இதனால்தான். ‘எல்லாக் கட்டுப்பாடுகளையும் மீட்டமை’ என்னும் 121-ஆம் கட்டளையும், தரநிலையின் பரிந்துரைப்படி, வால்யூமையும் பானையும் தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சேனலிலும் முதல் சுரத்துக்கு முன்பே 7, 10, 11 மூன்றின் மதிப்புகளையும் எழுதிவிட வேண்டும்.