உங்களுக்குத் தெரியுமா? அக்காவுக்குப் பின்னால் வந்த தம்பி

1929இல் கார்ல்ஸ்பாட் சதுரங்கச் சுற்றுப்போட்டியில் ஆண்களோடு ஆட வந்தார் வேரா மென்சிக். முதலாவது மகளிர் உலக சம்பியன் அவர். “இவரிடம் தோற்பவர்களைச் சேர்த்து ஒரு கழகம் தொடங்குவோம்” என்று கேலி பேசினார் அங்கு ஆட வந்திருந்த அல்பர்ட் பெக்கர். அந்தக் கழகத்தின் முதல் உறுப்பினரும் பெக்கரேதான்! 1935இல் உலக சம்பியனான மக்ஸ் யூவேயும் மென்சிக்கிடம் தோற்றவர்.

சதுரங்கத்தின் அதியுயர் பட்டமான கிராண்ட்மாஸ்டர் முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1978இல், ஜோர்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலிக்கு. மகளிருக்கென்று ‘மகளிர் கிராண்ட்மாஸ்டர்’ என்ற தனிப் பட்டமும் உண்டு. இந்தியாவில் அதை முதலில் வென்றவர் சென்னை எஸ். விஜயலட்சுமி, 2001இல்.

அதே சென்னையின் ஆர். வைஷாலி 2023 டிசெம்பரில், ஸ்பெயினில் ஆடியபோது 2500 தரப்புள்ளிகளைத் தாண்டினார். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே அளவுதான். கோனேரு ஹம்பி, ஹாரிகா துரோணவல்லி ஆகியோருக்குப் பின் இப்பட்டத்தை எட்டிய மூன்றாவது இந்தியப் பெண் அவர். தம்பி பிரக்ஞானந்தா முன்பே கிராண்ட்மாஸ்டர் என்பதால், அக்காவும் தம்பியுமாக இப்பட்டம் பெற்ற உலகின் முதல் இணை இவர்கள்.

தம்பியின் பெயர் சொல்லி அக்காவை அறிமுகப்படுத்துவது சரியல்ல. தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கப் பெற்றோர் முதலில் சதுரங்க வகுப்புக்கு அனுப்பியது வைஷாலியைத்தான். அவரைப் பார்த்தே தம்பி காய் நகர்த்தத் தொடங்கினார். 2013இல் சென்னைக்கு வந்த உலகின் முன்னணி வீரர் மக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது, 12 வயது வைஷாலி அவரைத் தோற்கடித்தார். 2024இல் புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியிலும் அவர் இருந்தார்.