கூடி உழைப்போரின் ஏடுகள் யாருக்குச் சொந்தம்?

கூட்டுறவுச் சங்கமாயினும், பள்ளி நிர்வாகக் குழுவாயினும், நால்வர் கூடி நடத்தும் சிறு நிறுவனமாயினும், அதன் காரியங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒரு மர பீரோவுக்குள் அடங்கியிருந்தன. தீர்மானப் புத்தகமும் பேரேடும் அங்கத்தினர் பட்டியலும் அதற்குள் இருந்தன. சாவி காரியதரிசியிடம் இருந்தது. காரியதரிசி மாறினால் சாவியும் கைமாறியது. இன்று அவை வாட்ஸ்அப் குழுவிலும் கூகுள் தாளிலும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் ஸ்லாக்கிலும் ஜோஹோவிலும் பரவிக் கிடக்கின்றன. இதனால் விளைந்த சௌகரியம் அற்பமானதன்று. மதுரையில் ஒருவர் எழுதும் வரியை அதே கணத்தில் சென்னையில் ஒருவர் திருத்துகிறார். ஆயினும், இப்போது சாவி யாரிடம் என்று கேட்டால், தயங்காமல் விடை சொல்லக்கூடியவர் பல குழுக்களில் இல்லை. ஆகவே, ஓர் இணையக் கருவியின் தகுதியை அது காட்டும் வசதிகளால் அளப்பதைக் காட்டிலும், அதை விட்டு நீங்க நேரும் நாளில் நம் ஏடுகளை நாம் குறைவின்றி எடுத்துச் செல்ல முடியுமா என்பதைக் கொண்டு அளப்பதே விவேகமாகும்.

அபாயங்கள்

முதல் அபாயம் குழுவுக்குள்ளேயே பிறக்கிறது. சுறுசுறுப்பான இளைஞர் ஒருவர் சங்கத்தின் கணக்குத் தாளைத் தம் சொந்த ஜிமெயில் கணக்கில் தொடங்கி வைக்கிறார். மற்றவர்கள் அதில் எழுதி வருகிறார்கள். ஈராண்டுக்குள் அதுவே சங்கத்தின் பிரதான ஆவணமாகிவிடுகிறது. ஆனால் கூகுளின் ஏட்டில் அதன் உரிமையாளர் அவர் ஒருவரே. அவர் மனஸ்தாபத்தால் விலகினாலும், கணக்கை நீக்கிவிட்டாலும், காலமாகிவிட்டாலும், அந்தக் கணக்கின் கதியே தாளின் கதியுமாகும். ஈராண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அவற்றிலுள்ளவற்றோடு நீக்கிவிடும் அதிகாரத்தைக் கூகுள் தன்னிடம் வைத்துக்கொண்டு, 2023 டிசம்பர் முதல் அதைச் செயல்படுத்தவும் தொடங்கியது. ஸ்தாபனங்களின் பெயரில் பெற்ற கணக்குகளுக்கு இவ்விதி இல்லை.

இரண்டாவது அபாயம் ‘பகிர்’ என்னும் பொத்தானில் இருக்கிறது. பெயர் குறித்த நபர்கள் மட்டும் திறக்கலாம் என்றும், இணைப்பை வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்றும் அங்கே இரு வழிகள் தோன்றும். ஒவ்வொருவர் மின்னஞ்சல் முகவரியையும் தேடும் சிரமம் இல்லாமையால் பின்னதையே பலரும் தேர்ந்துகொள்கிறார்கள். அந்த இணைப்பு ஒரு கைப்பேசியிலிருந்து வேறொரு குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நன்கொடையாளரின் தொலைபேசி எண்களும், உதவி பெற்றோரின் ஆதார் எண்களும் வங்கி விவரங்களும், கடவுச்சொல் ஒன்றும் கேட்காமலே அந்நியர் கண்முன் விரியும். வந்தவர் தம் கணக்கில் நுழையாமல் திறந்தால், ஏதோ ஒரு விலங்கின் பெயரைத் தாங்கிய அநாமதேயராக அவர் திரையின் மேல்மூலையில் தோன்றி மறைவார். அவர் இன்னாரென்று அறிய வழியிராது. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்கள் பலவற்றின் அழைப்பு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே அகப்பட்ட செய்தி, இத்தகைய இணைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தக்க சாட்சியாகும்.

மூன்றாவது, கருவியை நடத்தும் நிறுவனமே கடையைக் கட்டிவிடுவது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமாகிய மெட்டா, அலுவலகங்களுக்கென நடத்திய ‘வொர்க்பிளேஸ்’ சேவையை நிறுத்தப் போவதாக 2024 மே மாதத்தில் அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 31 வரை வழக்கம்போல் பயன்படுத்தலாம், அதன் பின் 2026 மே 31 வரை படிக்கவும் பதிவிறக்கவும் மட்டுமே செய்யலாம் என்று தவணை தந்தது. இவ்வளவு நீண்ட தவணை எல்லோரும் தருவதில்லை. கடையை மூடாமலே கதவைச் சுருக்குவதும் உண்டு: ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாட்களின் செய்திகளே கண்ணுக்குத் தெரியும், ஓராண்டைக் கடந்தவை 2024 ஆகஸ்ட் முதல் அடியோடு நீக்கப்பட்டு வருகின்றன.

நான்காவது, நடத்துவோரின் பிழை. ஜிரா, டிரெல்லோ முதலிய பணிக் கருவிகளை நடத்தும் அட்லாசியன் நிறுவனம் 2022 ஏப்ரல் 5 அன்று பழைய செயலி ஒன்றை நீக்க முனைந்தபோது, செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் அடையாள எண்கள் கொடுக்கப்பட்டுவிட்டமையால், அரை மணி நேரத்துக்குள் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. மாற்றுப் பிரதிகள் இருந்தும், அத்தனை பேருக்கும் தனித்தனியே மீட்டுத் தருவதற்கு 14 நாட்கள் வரை பிடித்தன. தம் கையில் வேறு பிரதி வைத்திராதவர்கள் அத்தனை நாளும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாவது, அரசியல் காரணத்தால் தொடர்பு அறுபடுவது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்ய நிறுவனத்துக்குக் கணிசமான பங்கு இருப்பதை முன்னிட்டு, 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல், டீம்ஸ் சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டம் எதையும் மீறாத நிலையில், தாங்கள் பணம் செலுத்திய சேவைக்காக அந்நிறுவனத்தார் தில்லி உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. சில நாட்களில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனமே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததென்றால், பத்துப் பேர் கொண்ட குழு எந்த வாசலில் போய் நிற்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

கண்காணிப்பு என்பது இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்று. எந்த ஊழியர் எத்தனை நாள் எந்தச் செயலியைப் பயன்படுத்தினார் என்று பெயரோடு காட்டிய ஒரு வசதியை மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்டு, கண்டனம் எழுந்தபின் அவ்வாண்டு டிசம்பரில் பெயர்களை அகற்றியது. பெயர் போயினும் பதிவுகள் சேரும் இயல்பு இக்கருவிகளை விட்டு நீங்கவில்லை. அலுவலகக் கருவியில் இருவர் தனியே பேசிக்கொள்வதை நிர்வாகம் ஒருநாள் எடுத்துப் பார்க்கக்கூடும் என்ற பிரக்ஞையோடேயே அதில் எழுத வேண்டும்.

உரிமைகள்

அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமையென்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதையொட்டிப் பிறந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, பிரதான ஷரத்துகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் அமலாகுமாறு வகுக்கப்பட்டுள்ளன. தம்மைப் பற்றி என்னென்ன தரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தக் கோரவும், தேவை தீர்ந்ததை அழிக்கச் சொல்லவும், தமக்குப் பின் அவ்வுரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கவும் இச்சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறவும் இதில் இடமுண்டு.

குழுக்களின் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். அங்கத்தினரிடமும் பயனாளிகளிடமும் தரவைத் திரட்டுவது நாமாகையால், அதை எந்தக் கம்பெனியின் கணினியில் வைத்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே. தகுந்த பந்தோபஸ்து செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லக்கூடும். மாணவர் பட்டியல் வைத்திருப்போர், 18 வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

தேர்வும் ஏற்பும்

எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் ஆலோசனையில், முதலில் வெளியேறும் வழியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பத்துச் செய்திகளும் இரண்டு கோப்புகளும் இட்டு, ‘ஏற்றுமதி’ பொத்தானை அழுத்தி, வந்ததை அந்தக் கருவியின் துணையின்றி வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கிடைப்பது பொது அறைகளின் உரையாடல் மட்டுமே. அதுவும் ஜேசான் என்னும் கணினி வடிவில் வருமாகையால், சாதாரண மனிதர் படிக்க இயலாது. விளம்பரத்தில் காணாத உண்மைகள் இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

அடுத்தது தமிழ். வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை இணையக் கருவியில் ஏற்றினால், அந்த எழுத்துரு அங்கே இல்லாமையால் ஆங்கில எழுத்துகளின் குப்பையே தோன்றும், தேடினாலும் அகப்படாது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆண்டுகள் பல சென்றும், அலுவலகங்களின் பழைய கோப்புகள் இன்னும் மாறவில்லை. ஆகவே குடிபெயர்வதற்கு முன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதும், கருவியின் தேடலில் ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுச் சோதிப்பதும் இன்றியமையாதன.

இலவசம் என்பதற்காக ஒன்றையோ, சுதேசி என்பதற்காக மற்றொன்றையோ கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவையும் அமெரிக்கக் கம்பெனிகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நியாயம். நெக்ஸ்ட்கிளவுட், மேட்டர்மோஸ்ட் முதலிய திறந்த மூலக் கருவிகளை நம் சர்வரிலேயே நிறுவி நடத்தலாம். ஆனால் அதைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் பிரதி எடுக்கவும் தேர்ந்த ஒருவர் இல்லாத குழுவுக்கு அந்தச் சுதந்திரமே புது அபாயமாக முடியும்.

தேர்ந்த கருவியை ஒரே நாளில் எல்லோர்மீதும் சுமத்தாமல், ஒரு பணியை, ஆண்டுவிழா ஏற்பாட்டையோ மாதாந்தரக் கணக்கையோ, ஒரு மாதம் அதில் நடத்திப் பார்த்து, வயதில் மூத்தவர்களும் பழகிக்கொண்டபின் பழையதை மூடுவதற்கு ஒரு தேதி குறிப்பது உத்தமம். பழையதும் புதியதும் ஒருங்கே ஓடினால் எந்தத் தீர்மானம் எங்கே இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாமற் போய்விடும்.

பரிகாரங்கள்

தரவு கசிந்தது தெரிந்தால், முதலில் திரையைப் படமெடுத்துச் சாட்சியம் சேர்த்துக்கொண்டு, இணைப்பை முடக்கி, கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பதோடு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். கணினிப் பாதுகாப்பு மீறல்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதிய உத்தரவு விதிக்கிறது.

விலகிய ஒருவர் அனுமதியின்றி நுழைந்து ஆவணங்களை நகலெடுத்தாலோ அழித்தாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். மோசடி நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சேவையில் குறையென்றால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ நாடலாம்; வர்த்தக நோக்கத்தோடு வாங்கியவரை நுகர்வோராகச் சட்டம் கருதுவதில்லையாயினும், சுயதொழிலால் ஜீவனம் நடத்துவோருக்கு அதில் விலக்கு உண்டு.

இந்தப் பரிகாரங்கள் யாவும் காலத்தையும் பணத்தையும் தின்பவை. அழிந்த கணக்கை அவை திருப்பித் தருவதும் இல்லை. ஆதலால் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிடுவது நன்று: கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், அட்மின்கள் இருவருக்குக் குறையக் கூடாது, எல்லோரும் இருபடிச் சரிபார்ப்பை மேற்கொள்ள வேண்டும், மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்துத் தனி வட்டில் வைக்க வேண்டும், விலகுபவரின் அனுமதியை அவர் விலகும் நாளிலேயே நீக்கிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவற்றுக்கு இடம் தராத கருவி எவ்வளவு அழகாயினும், எவ்வளவு மலிவாயினும், அது நமக்கு வேண்டியதில்லை.