நாற்றிசைக் காற்றின் பெயர்களும் காற்றழுத்த வேறுபாடும்

ஆய்வுச் சுருக்கம்

வாடை, கொண்டல், கோடை, தென்றல் ஆகியவற்றை அகராதிகள் திசைவழிப் பெயர்களாக விளக்குகின்றன. ஒவ்வொரு பெயரும் ஒரு பருவத்தில் காற்றழுத்தம் குறைந்த பகுதி எங்கு அமைந்துள்ளது என்பதையும் உடன்சுட்டுகிறது என்பதை வளிமண்டல இயற்பியலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

வாடை வடகாற்று, கொண்டல் கீழ்காற்று, கோடை மேல்காற்று, தென்றல் தென்காற்று என்பது அகராதிப் பொருள். சங்கப் பாடல்களுக்குக் குறிப்பு வரைவோரும் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். ஆயின் கோடை என்னும் சொல் வேனிற்பருவத்தையும் குறிக்கிறது. கொண்டல் மேகத்தையும் மழையையும் குறிக்கிறது. வெறும் திசைப்பெயருக்கு இத்தகைய பொருள்விரிவு நேர வேண்டியதில்லை. திசையோடு பருவமும், பருவத்தோடு ஈரமும் வெப்பமும் பிணைந்து வருவதன் காரணத்தைச் சொல்லாராய்ச்சி மட்டும் தந்துவிடாது. அதற்குக் காற்றழுத்தத்தையும் நோக்க வேண்டும்.

அழுத்தம் காற்றாகும் முறை

காற்றுக்கு எடை உண்டு. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். தலைக்கு மேலுள்ள காற்றுத்தூண் முழுவதன் எடையே காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அதன் சராசரி 1013.25 ஹெக்டோபாஸ்கல். நிலம் சூடேறும்போது அதன்மேலுள்ள காற்று விரிந்து உயர்ந்து, மேலடுக்கில் பக்கங்களுக்கு வழிந்துவிடுகிறது. தூணின் எடை குறையவே தரையில் அழுத்தமும் குறைகிறது. சுற்றியுள்ள மிகையழுத்தப் பகுதிகள் காற்றை அங்குத் தள்ளுகின்றன. மேலெழுந்த காற்று விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பவே காற்று வீசுகிறது என்னும் பள்ளிப்பாட விளக்கம் பொருந்தாது. அங்கு வெற்றிடம் எதுவும் தோன்றுவதில்லை; சில ஹெக்டோபாஸ்கல் வேறுபாடே போதும்.

காற்று தாழ்வழுத்தத்தை நோக்கி நேராகச் செல்வதுமில்லை. புவி சுழல்வதால் வடகோளத்தில் இயங்கும் காற்று தன் வலப்பக்கமாக விலகுகிறது. அதனால் அது தாழ்வழுத்தத்தை இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மெல்ல உட்புகுகிறது. 1857இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் இதனை எளிய விதியாக்கினார்: வடகோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் இடப்பக்கத்தில் தாழ்வழுத்தம் இருக்கும். தரையின் உராய்வால் அது சற்று முன்தள்ளியும் அமையும். தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இவ்விலக்கம் இங்கு வலுக்குறைந்தது. நாள்தோறும் வந்துபோகும் கடற்காற்றுக்கு இவ்விதியை நேராகப் பொருத்த இயலாது. பரந்த பருவக்காற்றுகளுக்கு அது பொருந்தும்.

வாடையும் கொண்டலும்

ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிர்ப்பருவத்தில் நாகப்பட்டினக் கடற்கரையில் வாடைக்கு முதுகு காட்டி நிற்பவர் தெற்கு நோக்கி நிற்பார். அவருடைய இடப்பக்கம் வங்கக்கடல். நிலம் விரைந்து குளிர, கடலோ வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. எனவே அப்பருவத்தில் தாழ்வழுத்தம் கடலின்மேல் அமைகிறது. அங்குக் குவியும் ஈரக்காற்று மேலெழுந்து, விரிந்து, குளிர்ந்து முகிலாகிறது. நெடுநல்வாடையின் பெயரில் காற்று இருக்க, அதன் பின்புலத்தில் ஓயாத மழையும் நடுக்கும் குளிரும் இருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். வடகாற்று என்னும் பொருள்மட்டும் அம்மழையை விளக்காது. தை, மாசியில் தாழ்வழுத்தப் பகுதி நிலநடுக்கோட்டை நோக்கி விலகிய பின்னரும் வடகாற்று வீசுகிறது. அப்போது பனி உண்டு, மழை அரிது.

கொண்டலுக்கு முதுகு காட்டினால் இடப்பக்கம் தெற்காகும். குமரிக்கடலிலோ அதற்கும் தெற்கிலோ தாழ்வழுத்தம் நிற்கும்போது காற்று வங்கக்கடலின் நீண்ட நீர்ப்பரப்பைக் கடந்து கிழக்கிலிருந்து வருகிறது. வரும் வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. நீரைக் கொண்ட மேகத்துக்கும் அம்மேகத்தைக் கொணரும் காற்றுக்கும் ஒரே பெயர் வாய்த்தது இயல்பே.

மலையைக் கடந்த காற்று

கோடை மேற்கிலிருந்து வருவது. அதற்கு முதுகு காட்டுவோரின் இடப்பக்கம் வடக்கு. மே முதல் சூலை வரை வடமேற்கு இந்தியாவிலும் அதனை ஒட்டிய பாகிசுத்தானிலும் அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே இறங்குகிறது. தென்னிந்தியப் பெருங்கடலில் மசுகரீன் தீவுகளையொட்டி மிகையழுத்தம் நிலவுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே தென்மேற்குப் பருவக்காற்றை இயக்குகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறும்போது அது தன் ஈரத்தைக் கேரளத்தில் பொழிந்துவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சுருங்கி, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசு அளவில் சூடேறுகிறது. சேர நாட்டில் மழையாகும் காற்றே சோழ நாட்டில் வறட்காற்றாகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி சுட்டுவதும் இக்காற்றையே. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் அது நெருக்குண்டு விரைகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பது அதனாலேயே.

மட்டக்களப்பில் கச்சான் எனப்படும் காற்றுக்கும் இதே தன்மை உண்டு. தென்மேற்குக் காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஈரத்தை இழந்து, கீழைக்கரையில் வெப்பமாக இறங்குகிறது. இரு கரைகளிலும் மலைமறைவு நிலத்தின் வறட்காற்று தனிப்பெயர் பெற்றிருப்பது ஒப்பிட்டு ஆராயத்தக்கது.

தென்றல்

மாசி, பங்குனியில் தீபகற்பத்தின் உள்நிலம் சூடேற, வங்கக்கடலின்மேல் மிகையழுத்தம் நிலைகொள்கிறது. தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு முதுகு காட்டினால் இடப்பக்கம் மேற்கு, அதாவது சூடேறிய நிலம். கடலின் ஈரம் இக்காற்றில் உண்டு. ஆயினும் மிகையழுத்தத்தில் காற்று கீழிறங்குவதால் அவ்வீரம் பெருமழையாவதில்லை. தென்றல் இதமாக இருப்பது இதனால்தான். செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலத்தில் சாரலொடு புகும் காற்றையும் மக்கள் தென்றல் என்கின்றனர். திசைநோக்கி அது மேல்காற்று. பெயர் இங்குத் திசையைக் கைவிட்டுத் தன்மையைப் பற்றிக்கொண்டுள்ளது.

சங்கப் புலவர் காற்றழுத்தத்தை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. அழுத்தத்தை அளக்கும் கருவி 1643இல் தொரிசெல்லி செய்த ஆய்வுக்குப் பின்னரே தோன்றியது. பருவந்தோறும் மீண்டும் மீண்டும் நேர்ந்த விளைவுகளைக் கண்டோர் அவற்றுக்குப் பெயரிட்டனர். அவ்விளைவுகளின் காரணம் அழுத்த வேறுபாடு.

புயலில் திரும்பும் காற்று

இக்காலக் கலைச்சொற்களில் அழுத்தம் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது: காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல். ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றைத் தரம்பிரிப்பது காற்றின் விரைவைக் கொண்டே. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த மண்டலம். 62ஐ எட்டினால் புயல். 'ஆழ்ந்த' என்னும் அடைமொழியை அழுத்தத்தின் அளவாகப் படிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

புயல் மேற்கு நோக்கி நகர்ந்து கரையை அடையும்போது நாற்றிசைக் காற்றும் சில மணி நேரத்துக்குள் மாறி மாறி வீசக் காணலாம். மையம் கடலில் இருக்கும்வரை கரையில் வடகாற்று. மையம் ஓர் ஊருக்குத் தெற்கே கரையைக் கடந்தால், அவ்வூரில் காற்று கிழக்குக்குத் திரும்பிக் கடல்நீரைக் கரைமேல் தள்ளும். வடக்கே கடந்தால் மேற்குக்குத் திரும்பி நீரைக் கடலுக்குள் தள்ளும். 2018 நவம்பர் 16இல் கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது போன்ற வேளைகளில், மையத்தின் இருபுறத்து ஊர்களும் எதிரெதிர்க் காற்றைப் பெறுகின்றன. மையம் உள்நாட்டுக்குள் சென்றபின் இரண்டு பக்கத்திலும் இறுதியில் வீசுவது தென்காற்று. அதனை எவரும் தென்றல் என்பதில்லை.