மணப்பாட்டுப் பெரிய வீடுகள்

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மணப்பாட்டுக்குத் திருப்பயணம் செல்லாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. மணற்குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயிலையும், புனித சவேரியார் தங்கிய குகையையும் தரிசித்துத் திரும்புகிறோம். கீழே தெருக்களில் நிற்கும் பெரிய வீடுகளை நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. அவர்களும், "போர்ச்சுக்கீசியர் கட்டியவை" என்று சொல்லி நகர்ந்துவிடுவர். அக்கூற்று பொருந்தாது.

சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தது 1542இல். அவர் 1544இல் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதோடு இங்கே போர்ச்சுக்கீசியரின் செல்வாக்கு ஒழிந்தது. வளைவுச் சாளரங்கள், தூண் வரிசையுள்ள முகப்பு, மாடி விளிம்பில் அழகிய கைப்பிடிச் சுவர் ஆகியவை கொண்ட இத்தாலியச் சாயல், ஆங்கிலேயரிடையே 19ஆம் நூற்றாண்டில் பெருவழக்காயிற்று. விக்டோரியா அரசியாருக்காக 1845இல் தொடங்கி 1851இல் முடிக்கப்பெற்ற ஆஸ்பர்ன் மாளிகையே அதற்குப் புகழ்பெற்ற சான்று. அவர்களோடு அது கல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தது.

கொழும்பிலே வாணிபம் செய்து பொருளீட்டிய நம் பரதகுலத்தாரே இவ்வீடுகளின் உரிமையாளர். பர்னாந்து, கோமஸ், மச்சாது என்று பெயர்ப் பலகையில் கண்டதும் அயலார் என மயங்கலாகாது. அவை 16ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தோடு நம் முன்னோர் ஏற்ற பெயர்கள். தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழியே அவர்களின் வாழ்வுக்கு ஆதாரம். வ.உ.சிதம்பரனார் 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் அவ்வழியில்தான். கணவன் கொழும்பில், மனைவி மக்கள் ஊரில் என்று பிரிந்து வாழ்ந்த இல்லங்கள் பல. அக்கரைச் சம்பாத்தியம் இக்கரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்திரமுமாக எழுந்தது. மாடியிலிருந்து கடலை நோக்கிக் காத்திருந்த பெண்களும் இவ்வீடுகளின் உரிமையாளரே என்போம். பத்திரத்தில் அவர்கள் பெயர் இராதிருக்கலாம்.

இலங்கை 1948இல் குடிவரவுச் சட்டம் இயற்றிய பின், நினைத்தபோது போய்வரும் வழக்கம் தளர்ந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. பிள்ளைகள் தூத்துக்குடி, சென்னை, அயல்நாடுகள் எனச் சிதறினர். ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள். ஒருவர் கையொப்பம் குறைந்தாலும் ஓடு மாற்ற இயலாது.

கடற்காற்றின் உப்புக்கோ பத்திரமும் வாரிசும் தெரியாது. அதனினும் கேடு, அன்பினால் செய்யப்படும் பழுதுபார்ப்பு! சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொடிந்து உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே தகும். செலவும் காலமும் கூடினும் அதையே நாடுக. கதவு நிலைகளைப் பெயர்த்து விற்குமுன், உடன்பிறந்தார் ஒருமுறை கூடிப் பேசுதல் நன்று. செப்டம்பர் 14இல் நிறைவுறும் திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் பலரும் ஊர் திரும்புவர். அதற்கு ஏற்ற நாட்கள் அவையே.