சீட் கிடைத்தது, துணைக்கு யார்?

ஆரணியை அடுத்த ஒரு காலனியிலிருந்து சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போன தம்பி, இரண்டாம் ஆண்டு தொடங்கிய சில வாரங்களில் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தபோது தெருவே கொண்டாடியது. இப்போது கையில் நான்கு அரியர். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று நின்றான்.

செய்தி கேட்டு நாங்கள் போனோம். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றோம். அவன் தலை நிமிரவில்லை. "இன்னான்னு சொல்றதுண்ணா? எது புரியலன்றதே புரியல" என்றான். "எங்களுக்கு இன்னாப்பா தெரியும்? படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்" என்றார் அவன் அம்மா.

படித்தவர்கள் என்று அவர் சொன்ன எங்களில் பாதிப் பேர் தமிழ் எம்.ஏ. யாப்பிலக்கணம் கேட்டால் சொல்லிவிடுவோம். இன்ஜினியரிங் கணக்கில் ஒரு வரி தெரியாது. அன்று வெட்கமாக இருந்தது.

பணம் இல்லாமல் அவன் திரும்பவில்லை. 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் தமிழக அரசே ஏற்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. இவற்றுக்காகத் தெருவில் நின்றவர்கள் நாம். ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பணத்தால் இன்றும் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு உத்தரப்பிரதேசத்து அதுல் குமார் சாட்சி. தினக்கூலித் தொழிலாளியின் மகனான அந்தத் தலித் மாணவருக்கு 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடம் பறிபோனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போய், 2024 செப்டம்பர் 30ஆம் தேதி அந்த இடத்தைத் திரும்பப் பெற்றார். எல்லாப் பிள்ளைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வழி இருக்குமா?

ஆனால் நம் தம்பிக்குக் கட்டணம் எல்லாம் கட்டியாகிவிட்டது. அப்படியும் திரும்பி வந்தான். அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குழித்தறியில் முதன்முதலாக இறங்கும் பிள்ளைக்கு யாரும் பாடப் புத்தகம் கொடுப்பதில்லை. பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். இழை அறுந்தால் எங்கே பிணைப்பது, மிதியை எப்போது மாற்றுவது, நாடா சிக்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் கூட இருந்தே கையில் வரும். தறி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வராது. அவனுக்கு மூளை குறைவு என்று யாராவது சொல்வார்களா?

பொறியியலும் அறிவியலும் அப்படித்தான். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. எந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்ப்பது, கோடை விடுமுறையில் எந்த ஆய்வகத்துக்கு எழுதிப் போடுவது, பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்பது, கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும் என்பது. நம் பிள்ளை இதையெல்லாம் கடைசி ஆண்டில் கேள்விப்படுகிறான். அப்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

கல்லூரிகளில் இதற்கு ஏற்பாடே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் 'மென்டர்' என்று நோட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு முறை அந்த நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். நம் தம்பியின் நோட்டிலும் எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்தது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் கேலுஸ்கர் என்ற ஆசிரியரை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. பம்பாயில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து தினமும் படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தவர் அவர். 1907இல் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். பிறகு மேலே படிக்கக் குடும்பத்தால் முடியாத நிலை வந்தபோது பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அறிமுகப்படுத்தி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனதும் பரோடா உதவியில்தான். படித்தது அண்ணல். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த ஒருவர் கூடவே நடந்து போனார்.

இதை ஒரு நல்ல மனிதரின் கருணையாக விட்டுவிடாமல் கல்லூரியின் வேலையாகவே மாற்ற முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 1963இல், 12 வயதில், பர்மிங்காம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தில் கைதாகிச் சிறையில் இருந்தவர். பிறகு கணிதம் படித்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்துக்கு வந்தார். அறிவியல் பாடங்களில் கறுப்பின மாணவர்கள் தொடர்ந்து பின்தங்குவதைப் பார்த்து, 1988இல் மேயர்ஹாஃப் என்ற தம்பதியின் நன்கொடையில் ஒரு திட்டம் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அணியில் 19 மாணவர்கள்.

அங்கே என்ன செய்தார்கள்? வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் வரவழைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்தினார்கள். ஒன்றாகத் தங்கி, குழுவாகப் படிக்கச் செய்தார்கள். தனியாக அறைக்குள் முடங்க விடவில்லை. சீக்கிரமே ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியோடு உட்கார வைத்தார்கள். இதில் நமக்கு மிக முக்கியமானது ஒன்று உண்டு. இதைத் 'தேறாத பிள்ளைகளுக்கான டியூஷன்' என்று அவர்கள் நடத்தவில்லை. திறமையான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, நீ விஞ்ஞானி ஆக வந்திருக்கிறாய் என்று முதல் நாளே சொன்னார்கள். கொரோனாவுக்கான மாடர்னா தடுப்பூசியை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த கிஸ்மேகியா கார்பெட் அந்தத் திட்டத்தில் படித்த பெண். நம் ஊரில் உதவி என்று வருகிறவர்கள்கூட 'பாவம், ஸ்லோ லேர்னர்' என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

தனிமை எவ்வளவு பெரிய சுமை என்பது நமக்குத் தெரியாததல்ல. டெல்லி எய்ம்ஸ் மாணவர்களிடையே நிலவிய பாகுபாட்டை 2007இலேயே தோரட் குழு எழுதிக் கொடுத்தது. அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்ட ரோகித் வெமுலாவை 2016இல் இழந்தோம். அடுத்த ஆண்டே சேலத்து முத்துகிருஷ்ணனை டெல்லியில் இழந்தோம். இருவரும் ஆய்வு மாணவர்கள்.

நம் தம்பிக்கு வருவோம். போளூர் பக்கத்து அக்கா ஒருவர் சிவிலில் எம்.டெக். முடித்து முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறார். அவரும் முதல் ஆண்டில் கணக்கில் அரியர் வைத்தவர். தேடிப் பிடித்துப் பேசச் சொன்னோம். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் பழைய மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவன் அன்றே பெட்டியைக் கட்டினான். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போனில் கணக்கு. மூன்று பருவங்களில் நான்கு அரியரும் முடிந்தன.

அதன் பிறகு அந்த அக்கா கேட்ட கேள்விதான் அவனை மாற்றியது: "உங்க அப்பா வேலை செய்யற மில்லில் உமிச் சாம்பலை என்ன பண்றாங்க?" கொட்டுகிறார்கள், வேறென்ன. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமா? அப்பா ஒரு கோணி நிறையச் சாம்பல் கட்டிக் கொடுத்தார். மூட்டை தூக்கும் மனிதர் மகனின் ஆய்வுக்கு மூலப்பொருள் தந்த நாள் அது. கல்லூரியில் ஒரு பேராசிரியர் மாலை நேரத்தில் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்.

இப்படி நம் ஊரில் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. பட்டு நூலின் பசை நீக்கும் தண்ணீரில் வீணாகும் புரதத்தை என்ன செய்யலாம்? சாயத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது? நம் தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையின் துளைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குத் துளையட்டை யோசித்தார். கணினியின் கதை அங்கிருந்தும் தொடங்குகிறது. தார் சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு அதை யாரும் சொன்னதில்லை. மேற்கே தெரிகிற ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. எத்தனை பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போயின?

மாணவர்களே, அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் வரும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். ஐஐடி மெட்ராஸிலும் கோடைக்காலப் பயிற்சி உண்டு. பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும் என்பதால் ஓர் ஆசிரியரையாவது இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முனைவர் பட்டம் வரை போனால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்பில் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய்.

படித்து வேலைக்குப் போய், வேலூரிலும் சென்னையிலும் வீடு கட்டிவிட்ட அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. அம்பேத்கர் ஜெயந்திக்கு நீங்கள் அனுப்பும் நன்கொடை வந்து சேர்கிறது, மகிழ்ச்சி. அதோடு உங்கள் பழைய மதிப்பெண் பட்டியலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் அனுப்புங்கள்.

தம்பியின் முதல் கலவை தோற்றுவிட்டது. ஆலைக் கொதிகலனில் கட்டுப்பாடில்லாமல் எரிந்த சாம்பல், கரி நிறைய. கான்கிரீட் கட்டி எதிர்பார்த்த பாரம் தாங்கவில்லை. ஏன் என்று அவனே படித்துக் கண்டுபிடித்து, வெப்பத்தை அளந்து எரித்து, இரண்டாவது கலவை போட்டிருக்கிறான். கட்டிகள் இப்போது ஆய்வகத் தொட்டித் தண்ணீரில் கிடக்கின்றன. 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் 11 நாள் இருக்கிறது.